ஸ்டோர் அக்கா எழுதிய சீட்டு

சாவிக்கொத்து இன்னும் மேசைமேலேதான் கிடந்தது.

முந்தாநாள் பகல் பதினொரு மணிக்கு நாத்தனார் வைத்த இடத்தில், வைத்த சாய்விலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை; ஸ்டோர் பூட்டாமலே கிடந்தது. பெருக்கித் துடைக்கிற அம்மாள்கூடச் சாவியைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போயிருந்தாள்.

கூடவே வருகிறவர்களுக்கு நடந்தது தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களையும் பட்டினி போடக்கூடாது, அதனால் அவர்களுக்காக நாலு வரி.

சக்கர நாற்காலி செய்கிற சின்னக் கம்பெனி. மாமனார் ஆரம்பித்தது. அவர் போன பிறகு மூன்று பேர் தோள் கொடுக்கிறார்கள். மகன் ஃபோர்மேன். மகளுக்கு ஸ்டோர் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாக எல்லாருக்கும் அவள் ஸ்டோர் அக்கா. எந்த நாற்காலிக்கு என்ன சாமான், எத்தனை, எந்தத் தேதிக்குள் கையில் இருக்கவேண்டும், அதற்கு எப்போது ஆர்டர் போடவேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் போடுகிறவள் மருமகள். கையில் பட்டியல் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதனால் பெயரே பட்டியலம்மா. ஸ்டோர் அக்கா அவளுக்கு நாத்தனார்.

மருத்துவமனை ஒன்றுக்கு அறுபது நாற்காலி போகவேண்டும். இன்று நாலு மணிக்கு லாரி. நாற்காலிக்குப் பெரிய சக்கரம் இரண்டு. சக்கரம் உராயாமல் சுற்றுவதற்கு ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டு பேரிங். ஆக நாற்காலிக்கு நாலு, அறுபதுக்கு இருநூற்று நாற்பது. முந்தாநாள் எண்ணிப் பார்த்தால் இருநூறுதான் இருந்தது.

நாத்தனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பட்டியலம்மா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"மிச்சம் நாற்பதை எந்த டப்பாவுல வெச்சிருக்கீங்க அண்ணி?"

நாத்தனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பட்டியலம்மா சும்மா கேட்டுவிடவில்லை. ஸ்டோர் அக்காவின் டப்பாக்கள் ஊரறிந்த விஷயம். எந்தச் சாமான் வந்தாலும் அஞ்சில் ஒரு பங்கைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மேல் தட்டில் ஏற்றிவிடுவாள். "இருக்கா அக்கா?" என்று கேட்டால் முதல் பதில் "இல்ல." இரண்டாவது பதில் "கொஞ்சம் இருக்கு." மூன்றாவது தடவை முகம் வாடி நின்றால்தான் ஏணி வெளியே வரும். அதனால் நாத்தனார் நாலு என்று எழுதினால் பட்டியலம்மா அஞ்சு என்று படித்துக்கொள்வாள். பதினொரு வருஷமாக இந்த ஏற்பாடு ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

போன மாதம்தான் பட்டியலம்மாவுக்குப் பொறுக்க முடியாமல் போய், நாத்தனாரை உட்காரவைத்துப் பேசினாள். "நிஜமான எண்ணைச் சொன்னாத்தான் அண்ணி திட்டம் நிக்கும். இனிமே டப்பா வேணாம்." நாத்தனார் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

இன்று வியாழக்கிழமை. காலை எட்டரை.

ஸ்டோர் அறையில் பட்டியலம்மாவின் கணவர் ஏணியின் உச்சியில் நின்றிருந்தார். முதுகெல்லாம் தூசி. ஐம்பது நாற்காலிகள் முடிந்து வாசல் பக்கம் வரிசை கட்டி நின்றன. மீதிப் பத்து, பின்சக்கரம் இல்லாமல் மூக்குக் குப்புறக் கிடந்தன.

"ஏதாவது கிடைச்சுதாங்க?"

"கிடைச்சுது."

அவள் ஏணியடிக்கு ஓடினாள். "எத்தனை?"

"ஒண்ணு. ஆறு வருஷமா நான் தேடின ஸ்பானர்." மேலேயிருந்து அதை ஆட்டிக் காட்டினார். "சீட்டு வேற ஒட்டியிருக்கா பாரு. 'தம்பியுது. கேட்டா கொடுக்கவும்'னு."

"நீங்க கேட்டிருக்கலாமே."

"எங்கே கேட்டேன்? நீதான் எடுத்தேன்னு போய்ச் சண்டைதான் போட்டேன்."

சிரிக்கிற நிலைமை இல்லை. ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அப்புறம் இரண்டு பேரும் சக்கரமில்லாத பத்து நாற்காலிகளைப் பார்த்தார்கள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"இந்தத் தட்டுதான் கடைசி. இருபத்தி மூணு டப்பா. ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல." அவர் இறங்கிவந்தார். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. எல்லாத்தையும் கழுவிக் கவிழ்த்து வெச்சிருக்கா. ஒளிச்சு வைக்கிறவ டப்பாவை ஏன் கழுவிக் கவிழ்க்கறா?"

பட்டியலம்மா யோசிப்பதற்குள் டெலிபோன் அடித்தது.

மருத்துவமனையின் தலைமை நர்ஸ். குரலிலேயே நாலு வேலை ஒன்றாகப் பார்க்கிற அவசரம் தெரிந்தது.

"அறுபதும் வந்துடும் இல்லையா? நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு நோயாளிங்களைப் பழைய கட்டடத்துலேருந்து புதுசுக்கு மாத்தறோம். சரியா அறுபது பேர். எண்ணித்தான் ஆர்டர் கொடுத்திருக்கேன்."

"நாலு மணிக்கு லாரி கிளம்பிடும் மேடம்," என்றாள் பட்டியலம்மா.

கேட்ட கேள்வி வேறு, சொன்ன பதில் வேறு. வைத்த பிறகு அவளுக்கே நாக்கு கசந்தது. நேற்று சாயங்காலம்தான் பேரிங் விற்கிற இடத்தில் ரோஷத்தை விட்டுக் கேட்டிருந்தாள். "மூணு நாள் ஆகும்," என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். முந்தாநாளே கேட்டிருந்தாலும் அதே மூன்று நாள்தான். ஆனால் முந்தாநாள் அவள் கேட்கவே இல்லை. 'எங்கேயோதான் இருக்கு, வரட்டும்' என்று இருந்துவிட்டாள்.

இருக்கிற எண்ணிக்கையாவது சரிதானா என்று பார்க்க, மூன்று வாரத்துக்கு முந்தைய ஃபைலை எடுத்தாள். ஸ்டோரிலிருந்து வந்த சீட்டுகளை அதில்தான் கோத்து வைத்திருந்தாள். நாத்தனார் புதுத் தாளில் எழுதவே மாட்டாள். காலாவதியான காலண்டர், மருந்துக்கடை ரசீது, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

பேரிங் சீட்டு ஒரு காலண்டர் தாளின் முதுகில் இருந்தது.

'பேரிங், மஞ்சள் டப்பா: 160.'

அந்த 160ஐ ஒரு பென்சில் கோடு அடித்து, மேலே 200 என்று எழுதியிருந்தது. கையெழுத்து பட்டியலம்மாவுடையது. அந்த 200ஐ நம்பித்தான் மீதி நாற்பதுக்கு மட்டும் ஆர்டர் போட்டிருந்தாள். நிஜமான 160உம் வந்த நாற்பதும் சேர்ந்ததுதான் முந்தாநாள் எண்ணிய இருநூறு.

எண்ணுக்குக் கீழே, சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. அன்றைக்கு அவள் கண் அதுவரை இறங்கவே இல்லை.

'நீ சொன்னபடி எல்லா டப்பாவையும் கொட்டி எண்ணிவிட்டேன். இனி என்னிடம் தனியாக எதுவும் இல்லை.'

பட்டியலம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நாத்தனார் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள். எழுதச் சொல்லி மன்றாடியவளே அதை நம்பவில்லை. நம்பக்கூடாது என்று முடிவு செய்ததுகூட இல்லை. கை தன் பாட்டில் பழைய வழக்கப்படி அஞ்சில் ஒரு பங்கைக் கூட்டிவிட்டது. பிறகு அதே கை, இல்லாத நாற்பதைக் கேட்டு எல்லார் முன்னாலும் நீண்டிருக்கிறது.

பென்சில்தானே. அழிரப்பர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்தச் சீட்டை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. ஸ்டோர் கணக்கில் ஏதோ குளறுபடி என்று சொன்னால், ஆமாம் ஆமாம் என்று தலையாட்ட அங்கே பத்துப் பேர் இருக்கிறார்கள்.

அவள் அழிரப்பரைப் பார்த்தாள். மேல் தட்டில் கவிழ்ந்து கிடந்த இருபத்துமூன்று டப்பாக்களையும் பார்த்தாள். எழுந்து வேலை நடக்கிற கூடத்துக்குப் போனாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் வேலையை நிறுத்துங்க."

பதினொரு பேர் திரும்பினார்கள். வெல்டர் முகமூடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டார்.

"முந்தாநாள் இதே இடத்துல நின்னு அண்ணிகிட்ட நாற்பது பேரிங் கேட்டேன். அந்த நாற்பது எப்பவுமே இருந்ததில்லை. அவங்க நூத்தி அறுபதுன்னு சரியாத்தான் எழுதிக் கொடுத்தாங்க. நான்தான் இருநூறுன்னு மாத்தி எழுதியிருக்கேன். இதோ சீட்டு. தப்பு என்னுது. எல்லார் முன்னாடியும் கேட்டேன், அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

வெல்டர் சீட்டை வாங்கிப் படித்தார்.

"அப்போ அக்கா நிஜத்தைச் சொன்ன ஒரே தடவை," என்றார் வெல்டர் மெதுவாக, "நாம யாருமே நம்பலை."

"நான் நேத்து போன் பண்ணி வேற கத்தினேன்," என்றார் கணவர். கையில் அந்த ஸ்பானர் இன்னும் இருந்தது. "நீ போறப்போ எனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடு."

"அதெல்லாம் அவங்கவங்க பங்கை அவங்கவங்கதான் கேட்கணும்."

புறப்படுவதற்கு முன்னால் தலைமை நர்ஸுக்கு அவளே போன் செய்தாள். இந்தத் தடவை கேள்விக்கு உண்டான பதிலைச் சொன்னாள். ஐம்பது இன்று வரும், பத்து வராது.

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "பத்துப் பேரை நான் என்னம்மா பண்றது? ஸ்ட்ரெச்சருக்கு ஆள் தேடணும். சரி, எதுவா இருந்தாலும் மூணு மணிக்குள்ள உறுதியாச் சொல்லிடுங்க. மறைக்காம சொன்னீங்களே, அதுவரைக்கும் நல்லது."

நாத்தனார் வீடு இரண்டு தெரு தள்ளி. முன்னறையில் தையல் மெஷின். நாத்தனாரின் கணவர் தையல்காரர். அறுபது நாற்காலிக்கும் இருக்கைத் துணி தைத்துக் கொடுத்தவர் அவர்தான். பட்டியலம்மா படியேறியதும் மெஷினை நிறுத்திவிட்டு, உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாம வா தங்கச்சி. மூணு நாளா வீட்ல இருக்கிற எல்லாத்தையும் எண்ணிக்கிட்டு இருக்கா. முந்தாநாள் நூல்கண்டு. நேத்து ஊசி. இன்னைக்குப் பட்டன். நாளைக்கு மனுஷங்களை எண்ணப் போறா. வீட்ல ஒரு ஆள் அதிகம்னு என்னை வெளியே அனுப்பிடுவாளோன்னு பயமா இருக்கு."

"கோபமா இருக்காங்களா அண்ணா?"

"கோபமா இருந்தா எனக்குச் சமாளிக்கத் தெரியும். அமைதியா இருக்கா." குரலைத் தாழ்த்தினார். "நேத்து இன்னொருத்தர் வேற வந்து..."

"யாரு அங்க?" என்றது உள்ளேயிருந்து குரல்.

தையல்காரர் சட்டென்று மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். துணியே இல்லாமல் ஊசி ஓடியது.

நாத்தனார் தரையில் உட்கார்ந்து பட்டன்களை அளவு வாரியாகப் பாட்டில்களில் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"டப்பா எதுவும் இங்க இல்ல. வேணும்னா கட்டிலுக்கு அடியிலயும் பாத்துட்டுப் போ."

பட்டியலம்மா எதிரே தரையில் உட்கார்ந்து சீட்டைப் பட்டன்களுக்கு நடுவில் வைத்தாள்.

"இதை இன்னைக்குத்தான் முழுசாப் படிச்சேன் அண்ணி."

"கொடுத்து மூணு வாரமாச்சு."

"எண்ணை மட்டும் பாத்தேன். அதையும் மாத்திட்டேன். நீங்க ஒளிச்சு வைக்கலை. நான்தான் தப்பு. முந்தாநாள் உங்களை நிக்க வெச்சுக் கேட்டதும் தப்பு."

நாத்தனார் ஒரு வெள்ளைப் பட்டனை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். உடைசல். அதைத் தனியே வைத்தாள்.

"நான் எதுக்கு ஒளிச்சு வைப்பேன் தெரியுமா? அப்பா இருக்கும்போது ஒரே ஒரு அளவு போல்ட் இல்லாம பதினெட்டு நாள் வேலை நின்னுச்சு. பதினெட்டு நாளும் ஆளுங்க காலையில வந்து சும்மா உட்கார்ந்துட்டுப் போவாங்க. என் முகத்தைத்தான் பாப்பாங்க. ஸ்டோர்ல இருக்கிறவ நான்தானே. அதுலேருந்து எது வந்தாலும் ஒரு கைப்பிடி எடுத்து மேல வெச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." அவள் குரல் இறங்கியது. "நீ கேட்டியேன்னு அத்தனையையும் கொட்டிட்டேன். கழுவிக் கவிழ்க்க ஒரு சாயங்காலம் பூரா ஆச்சு. டப்பாவை மட்டுமா கழுவினேன்? அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான்."

பட்டியலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்," என்றாள்.

"என்னன்னு?"

"தப்பு என்னுதுன்னு."

நாத்தனார் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "எல்லார்கிட்டயுமா?"

"பதினொரு பேரும் இருந்தாங்க."

"வெல்டரு?"

"முன்னாடியே நின்னாரு. முகமூடியைத் தூக்கிட்டுக் கேட்டாரு."

"ம்." பட்டன் ஒன்று சரியான பாட்டிலில் விழுந்தது. நாத்தனாரின் உதட்டோரம் இம்மியளவு அசைந்தது. "எத்தனை நாற்காலி நிக்குது?"

"பத்து. ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டேன். புதுசு வர மூணு நாள் ஆகும்."

"நீல டப்பாவுல எத்தனை இருக்கு?"

"எது? மருந்து வண்டிக்கு வாங்கினதா?" கம்பெனியில் மருந்து வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வண்டியும் செய்வார்கள். "நாற்பத்தெட்டு. அது வேற சாமான் அண்ணி. என் பட்டியல்ல அதுக்கு வேற எண்."

"எண் நீ கொடுத்தது. சாமான் அவங்க செஞ்சது. மஞ்சள் டப்பா ஒரு கம்பெனி, நீல டப்பா ஒரு கம்பெனி. வாங்கின இடம் வேற, பில்லு வேற, அதனால உன் கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற. பிரிச்சுப் பாத்தா ஒரே அளவு. இரும்பு வளையத்துலயே பொடி எழுத்துல அளவை வெட்டியிருக்கான். படிச்சிருக்கியா?"

"நான் ஒரு பேரிங்கைக் கையில எடுத்ததே இல்ல அண்ணி," என்றாள் பட்டியலம்மா. பதினொரு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் ஆர்டர் போட்டவள்.

"அதான்."

"ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீ எத்தனைன்னு கேட்பே. எத்தனைன்னு சொல்வேன். வேற எதையும் கேட்டதில்லையே. முந்தாநாள் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீ டப்பாங்கிறே."

பட்டியலம்மாவுக்கு அந்தத் திறந்து மூடிய வாய் நினைவுக்கு வந்தது. ஒரு நொடி பொறுத்திருந்தால் போதும். இரண்டு நாள் ஏணியேறியிருக்க வேண்டாம். நாற்காலிகள் நேற்றே முடிந்திருக்கும்.

"மருந்து வண்டி எப்போ போகணும்?" என்றாள் நாத்தனார்.

"பன்னெண்டு நாள் இருக்கு. மூணு நாள்ல புது பேரிங் வந்துடும். அதை அங்கே மாத்திடலாம்." சொல்லும்போதே அவள் விரல்கள் காற்றில் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டன.

நாத்தனார் எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். முன்னறையில் வெறும் ஊசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நூலைக் கோத்துட்டு மிதிங்க," என்று போகிற போக்கில் சொன்னாள்.

ஸ்டோர் கதவைப் பட்டியலம்மாதான் தள்ளித் திறக்கவேண்டி இருந்தது. நாத்தனார் மேசைமேல் கிடந்த சாவியைத் தொடவில்லை. ஆனால் விளக்கைப் போடாமலேயே உள்ளே போய், மூன்றாவது அலமாரியிலிருந்து நீல டப்பாவை எடுத்துவந்தாள். மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று. தம்பியின் கையில் வைத்தாள். அவர் வெர்னியர் அளவுகோலை வைத்து உள் விட்டம், வெளி விட்டம், கனம் மூன்றையும் அளந்தார். மறுபடியும் அளந்தார். மயிரிழை வித்தியாசம் இல்லை.

"அக்கா..." என்று தொண்டையைச் செருமினார். "நேத்து போன்ல நான்..."

"ஸ்பானர் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்போ போய் பிரஸ்ஸைத் துடை. நேரமாகுது."

அக்கா தம்பி மன்னிப்பு அத்தோடு முடிந்தது. சில வீடுகளில் அப்படித்தான்.

மணி பன்னிரண்டு. சக்கரத்தின் நடுவில் இருக்கிற குடத்துக்குள் பேரிங்கை அழுத்தி இறக்க, கையால் இழுக்கிற ஒரே ஒரு பிரஸ்தான் இருந்தது. ஒன்றுக்கு மூன்று நிமிஷம். நாற்பதுக்கு இரண்டு மணி நேரம். அப்புறம் மாட்டி, பிரேக் பார்த்து, லாரியில் ஏற்றவும் வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் நிறுத்தினால் லாரி போய்விடும்.

பட்டியலம்மா கரும்பலகையில் பரபரவென்று எழுதினாள். எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடப் போகக்கூடாது, இரண்டிரண்டு பேராகப் போகவேண்டும். பிரஸ் நிற்கக்கூடாது. ஒரு நாற்காலிக்குச் சக்கரம் தயாரானதும் அது காத்திருக்காமல் மாட்டுகிற இடத்துக்குப் போகவேண்டும், அங்கிருந்து பிரேக் பார்க்கிறவரிடம். எழுதி முடித்துத் திரும்பினால் பேரிங்கைத் துடைத்து எடுத்துக் கொடுக்க ஆள் போதவில்லை.

"நான் உட்கார்றேன்," என்றாள்.

"உனக்கு வராது," என்றாள் நாத்தனார். ஆனால் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

பேரிங் உள்ளங்கையில் குளிர்ச்சியாக, அளவுக்கு மீறிய கனமாக இருந்தது. விரலில் மாட்டிச் சுழற்றினால் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. இத்தனை நாள் தன் பட்டியலில் ஒரு வரியாக இருந்தது இதுதானா என்று அவளுக்கு வெட்கமாகவும் ஆசையாகவும் இருந்தது. ஏழாவதை அவள் சாய்வாக வைத்துவிட்டாள். கணவர் பிரஸ் கைப்பிடியை இழுப்பதற்குள் நாத்தனார் விரலை நீட்டி நேராக்கினாள்.

"சாய்ஞ்சு இறங்கினா உடைஞ்சிடும். அவசரப்பட்டு இழுக்கிறவனை நம்பி வைக்காதே."

"கேட்குதுங்களா?" என்றாள் பட்டியலம்மா கணவரிடம்.

"ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்க," என்றார் அவர். "எனக்குக் கெட்ட காலம்தான்." ஆனால் அவர் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாக வெளிச்சம்.

இரண்டே முக்காலுக்கு ஒன்பதாவது நாற்காலி வரிசையில் போய் நின்றது. மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பத்தாவதும் போய்ச் சேர, பட்டியலம்மா எண்ணெய்க் கையோடு போனை எடுத்தாள்.

"அறுபது, மேடம்."

"நிஜமாவா?"

"நிஜமான எண்தான்."

தலைமை நர்ஸின் குரல் இளகியது. "பத்து ஸ்ட்ரெச்சருக்கு இருபது ஆள் கேட்டு எல்லார் காலிலயும் விழுந்துக்கிட்டு இருந்தேன். நீங்க நல்லா இருக்கணும்மா. நீங்க எல்லாரும்."

லாரி டிரைவர் ஏற்றி முடித்ததும் பின்கதவைச் சாத்திவிட்டுக் கணக்குப் போட்டார். "பெருசு சின்னதுன்னு உள்ளே இருநூத்தி நாற்பது சக்கரம். கீழே என் வண்டிக்கு வெறும் ஆறு. பேசாம என் வண்டியைத் தூக்கி இதுங்க மேல வெச்சா நான் டீசல் இல்லாமலே போயிடுவேன்."

நாலு மணிக்கு லாரி தெருமுனையில் திரும்பியது. பதினொரு பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். வெல்டர் நாத்தனாரிடம் வந்து, "அக்கா, அந்த ரெண்டு அங்குல ஆணி இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் நாத்தனார்.

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அவளும்தான்.

ஐந்து மணிக்கு எல்லாரும் போனபிறகு நாத்தனார் மேசைக்கு வந்தாள். ஒரு துண்டுச்சீட்டை வைத்தாள். சாவியையும் அதன் பக்கத்திலேயே வைத்தாள்.

"ஸ்டோரைப் பூட்டிட்டேன். சாவியைக் காலையில வாங்கிக்கிறேன்."

போய்விட்டாள்.

பட்டியலம்மா சீட்டைப் படித்தாள். இந்தத் தடவை கடைசி எழுத்துவரை படித்தாள்.

'பேரிங், மஞ்சள் டப்பா: இல்லை. நீல டப்பா: 8. இரண்டும் ஒன்றுதான். ஒரே பெயரில் எழுது.'

கம்ப்யூட்டரில் இரண்டு வரியை ஒன்றாக்கினாள். எட்டு என்று அடிக்கப் போன விரல், பழைய வழக்கத்தில் பத்தைத் தேடி நகர்ந்தது. அதைப் பிடித்து நிறுத்தினாள். எட்டு என்றே அடித்தாள். இவ்வளவு நிம்மதியாக அவள் ஓர் எண்ணை எழுதி எத்தனையோ நாளாயிற்று.

சீட்டை ஃபைலில் கோக்கும்போதுதான் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

வேறு ஏதோ கம்பெனியிலிருந்து டைப் அடித்து வந்த கடிதத்தின் கீழ்ப்பாதி. குறுக்கே கிழித்திருந்தது.

'...எங்கள் ஸ்டோர் முழுவதற்கும் தாங்களே பொறுப்பாளர். வரும் திங்கட்கிழமை முதல் வேலையில் சேரலாம். தங்கள் பதிலை வெள்ளிக்கிழமை மாலைக்குள் நேரில் பெற்றுக்கொள்கிறோம்.'

வெள்ளிக்கிழமை என்றால் நாளை.

தையல்காரர் சொல்லவந்து விழுங்கிய 'இன்னொருத்தர்' இதுதானா? வேண்டாம் என்று கிழித்துப் போட்ட தாளா இது? இல்லை, மேல்பாதி மட்டும் பத்திரமாக அந்தப் பையில் இருக்கிறதா? நாத்தனார் எதையும் வீணாக்குகிறவள் இல்லை. பாதித் தாளைக்கூட.

பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று வந்து அவளை உறுத்தியது. இன்று நாத்தனாரிடம் தப்பு என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். நன்றி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இன்று என்ன, இந்தப் பதினொரு வருஷத்திலேயே சொன்னதாக ஞாபகம் இல்லை. அந்த டப்பாக்கள் எத்தனை நாள் இந்தக் கூடத்தை நிற்காமல் ஓட்டியிருக்கும்! அவள் அஞ்சு அஞ்சாக எழுதிய திட்டமெல்லாம் நின்றது, அங்கே நிஜமாகவே ஒரு அஞ்சாவது இருந்ததால்தானே?

காலையில் என்று அண்ணி சொன்னது சாவிக்குத்தான். நன்றிக்கு யாரும் காலைவரை தேதி குறிக்கவில்லை.

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வெயில் இன்னும் தெருவில் இருந்தது. கையில் பட்டியல் இல்லாமல் அவள் நடந்துபோவதைப் பார்த்து, பழக்கடைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

தெருமுனையிலேயே தையல் மெஷின் சத்தம் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. படியில் தையல்காரர் தனியாக உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். வாசலில் பளபளவென்று யாருடைய காரோ நின்றது.

"நாளைக்குத்தான் வர்றதாச் சொன்னாங்க தங்கச்சி," என்றார். "இன்னைக்கே வந்துட்டாங்க. உள்ளே பேசிட்டு இருக்காங்க."

பட்டியலம்மா காரைப் பார்த்தாள். கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"நானும் பேசத்தான் வந்தேன் அண்ணா," என்று செருப்பைக் கழற்றினாள்.